நினைவு நாணயம் வாங்குவது எப்படி: அரசிதழ் முதல் அலமாரி வரை

எங்கள் வீட்டில் இருந்த முதல் நினைவு நாணயத்தைக் கெடுத்தவன் நான்தான். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த வெள்ளிப் பத்து ரூபாய் அது. தாத்தா ஒரு துணியில் சுருட்டி இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டும் என்று கேட்டேன். யோசித்துத்தான் கொடுத்தார். "என்னடா இது, கறுத்துப்போய்க் கெடக்கு? புளி போட்டுத் தேயி, பளபளன்னு ஆயிரும்" என்றார் அப்பத்தா. குத்துவிளக்குத் தேய்க்கிற அதே புளி, அதே சாம்பல். கால் மணி நேரத்தில் காசு பளபளத்தது. காந்தியின் கன்னத்தில் குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கீறல்கள் விழுந்திருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு நாணய வியாபாரி லென்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளி விலைக்குத்தான் போகும் தம்பி" என்றார். 15 கிராம் எடை, 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம் வெள்ளி. அவ்வளவுதான்.

அதன் பிறகு வாங்கியவை, தவறவிட்டவை, அதிக விலை கொடுத்து ஏமாந்தவை எல்லாவற்றிலிருந்தும் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கானது இது. குறிப்பாக, அரசு நாணயச் சாலை குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பெட்டி நாணயங்களை வாங்க நினைப்பவர்களுக்கு.

எது நினைவு நாணயம்?

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964-ல் நேரு மறைந்த பிறகு வந்தது. ஒரு ரூபாயிலும் ஐம்பது காசிலும் அவர் முகம். அன்றிலிருந்து இரண்டு வகை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று, சில்லறையோடு சில்லறையாக நம் கைக்கே வந்து சேரும் 1, 2, 5, 10, 20 ரூபாய்கள். இன்னொன்று, புழக்கத்துக்கே விடாமல் சேகரிப்பவர்களுக்காகப் பெட்டியில் வைத்து விற்கும் 75, 100, 125, 150, 1000 ரூபாய் நாணயங்கள். இரண்டாவது வகையின் மேல் பொறித்திருக்கும் தொகைக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. நூறு ரூபாய் நாணயத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். "நூறு ரூபாய்க்குத்தானே நூறு ரூபாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று இந்தியாவில் நான்கு அரசு நாணயச் சாலைகள் இருக்கின்றன: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. நான்குமே எஸ்.பி.எம்.சி.ஐ.எல். என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கீழ் வருகின்றன. சென்னையிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1869-ல் அதை மூடிவிட்டார்கள். தங்கசாலைத் தெரு என்ற பெயர் மட்டும் மிச்சம். கொற்கைக்குப் பக்கத்தில் அக்கசாலை என்றே ஓர் ஊர் இருக்கிறது. காசு அடிக்கும் இடத்துக்குத் தமிழில் அதுதான் பழைய சொல்.

முதல் படி: செலவே இல்லாமல் தொடங்குங்கள்

பெட்டி நாணயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் சில்லறையைப் பாருங்கள். கண் பழக இதைவிட நல்ல வழி இல்லை. பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் "இது செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்களே, அதுதான். வடிவங்கள் பலவாக இருந்ததே அந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். 14 வடிவங்கள் வெளிவந்திருக்கின்றன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. கடைக்காரருக்கு அது தொல்லை, சேகரிப்பவருக்கு விருந்து. பதினான்கையும் திரட்டப் பாருங்கள். மற்றவர்கள் வாங்க மறுத்த காலத்தில் எனக்குப் பேருந்து நடத்துநர் ஒருவர் பை நிறையக் கொடுத்தார், சந்தோஷமாக.

அடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள். சின்னதாக ஒரு குறி இருக்கும். வைரம் போன்ற சாய்சதுரம் என்றால் மும்பை. ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வட்டப் புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே வடிவம், ஆனால் நான்கு நாணயச் சாலைகளின் குறிகள்: இவற்றை ஒரு வரிசையாகச் சேர்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. 2022 ஜூனில் விடுதலை அமுதப் பெருவிழாவுக்காக 1, 2, 5, 10, 20 ரூபாய் என்று ஒரு வரிசை வந்தது, அதிலிருந்து தொடங்கலாம்.

இரண்டாம் படி: எதைச் சேர்க்கப் போகிறீர்கள்?

எல்லாவற்றையும் வாங்க முடியாது. அரசு ஆண்டுதோறும் பல நினைவு நாணயங்களை அறிவிக்கிறது, ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கில். ஒரு தலைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது தமிழ்நாடு தொடர்பானவை. 1995-ல் தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் நாணயங்கள் (1, 2, 5 ரூபாய்), காமராஜர் நூற்றாண்டு, பேரறிஞர் அண்ணா நூற்றாண்டு, 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு, சி. சுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, எம்.ஜி.ஆர்., 2024 ஆகஸ்டில் சென்னையில் வெளியான கலைஞர் நூறு ரூபாய். கடைசியாகச் சொன்னதில் "தமிழ் வெல்லும்" என்று அவர் கையெழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். தேவநாகரியும் ஆங்கிலமும் மட்டுமே பார்த்துப் பழகிய இந்திய நாணயத்தில் தமிழ் எழுத்தைத் தடவிப் பார்ப்பது தனி சுகம். (தடவக் கூடாது என்று பின்னால் சொல்லப்போகிறேன். பெட்டிக் கண்ணாடிக்கு மேல் தடவினேன்.)

பெரிய கோயிலுக்கு வந்த ஐந்து ரூபாய் புழக்கத்திலும் கிடைத்தது. அதே கோயிலுக்கு ஆயிரம் ரூபாய் நாணயமும் வந்தது. இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் அதுதான். ஐந்து ரூபாயை இன்றும் சல்லி விலைக்கு வாங்கிவிடலாம். ஆயிரத்தின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரே தலைப்பில் ஏழைக்கும் இடம் உண்டு, பணக்காரருக்கும் இடம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாம் படி: அரசிதழைப் படியுங்கள்

புதிதாக வருபவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். செய்தித்தாளில் படம் வந்த பிறகு ஓடுகிறார்கள். ஒரு நாணயம் பிறக்கப்போவது முதலில் தெரிவது மத்திய அரசிதழில். 2011-ம் ஆண்டு நாணயச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை ஓர் அறிவிக்கை வெளியிடும். அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அறிவிக்கைக்கும் வெளியீட்டுக்கும் நடுவே சில நேரம் மாதக்கணக்கு, சில நேரம் சில நாட்கள்தான். 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத் திறப்பு விழாவில் வந்த 75 ரூபாய்க்கு அறிவிக்கை வந்தது அதே வாரத்தில்.

அந்த 75 ரூபாயின் அறிவிக்கையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதில் என்ன இருந்தது? வட்ட வடிவம், விட்டம் 44 மில்லிமீட்டர், எடை 35 கிராம், விளிம்பில் 200 சிறு வெட்டுகள். உலோகம்: வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 சதவீதம். அப்புறம் பூவா தலையா போடும் இரு பக்கங்களின் வருணனை: ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்க முகப்பும் ரூபாய்க் குறியும் தொகையும், மறுபக்கம் நாடாளுமன்ற வளாகம். நம் பெட்டி நாணயங்களில் பல ஆண்டுகளாக இந்த 44 மில்லிமீட்டர், 35 கிராம், பாதி வெள்ளி என்ற அளவே வழக்கமாக இருந்தது. சில விதிவிலக்குகள் உண்டு. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியின் 90-ம் ஆண்டுக்கு வந்த 90 ரூபாய் நாணயம் 40 கிராம் தூய வெள்ளி.

இந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். நாளைக்கு யாராவது உங்களிடம் ஒரு நாணயத்தை நீட்டினால், எடையும் விட்டமும் உலோகமும் சரியா என்று பார்க்க இதைவிட உறுதியான தாள் கிடையாது.

நான்காம் படி: முன்பதிவு

நினைவு நாணயங்களை எஸ்.பி.எம்.சி.ஐ.எல். தன் இணையதளம் வழியாக நேரடியாக விற்கிறது. முன்பெல்லாம் படிவம் நிரப்பி, டிடி எடுத்து, தபாலில் அனுப்ப வேண்டும். மும்பைக்கு ஒன்று, கொல்கத்தாவுக்கு ஒன்று என்று. இப்போது கணினியிலேயே முடிகிறது. ஆனால் முதல் நாள் நெரிசல் இருக்கும். ஆகவே:

கணக்கை முன்கூட்டியே தொடங்கி, முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் சரியாகப் பதிந்து வையுங்கள். பகலில் வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அலுவலக முகவரியோ உறவினர் முகவரியோ கொடுங்கள். பெட்டி நாணயத்தைத் தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போக முடியாது.

தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். நாணயச் சாலையின் பெயரையும் சின்னத்தையும் போட்ட போலித் தளம் செய்வது எவருக்கும் ஒரு மணி நேர வேலை.

பணம் கட்டிய ரசீதையும் பதிவு எண்ணையும் படம் பிடித்து வையுங்கள். நாணயம் மறுவாரம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முன்பதிவு முடிந்து, எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து அடிக்கும் வழக்கமும் உண்டு, மாதங்கள் ஓடலாம்.

அப்புறம் ஒரு விஷயம். "லிமிடெட்" என்ற சொல்லைக் கேட்டதும் கை பரபரக்கும். முன்பதிவுக்குக் கடைசித் தேதி வைப்பதும் ஒரு வரம்புதான், குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிறுத்துவதும் ஒரு வரம்புதான். முதல் வகையில் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்திருக்கும்; பின்னால் விலை ஏற அதுவே காரணமாகிவிடாது. இரண்டாவது வகையில்தான் அவசரம் நியாயம். எது எந்த வகை என்று விற்பனை அறிவிப்பை நிதானமாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ப்ரூஃபா, யூ.என்.சி.யா?

ஒரே நாணயம் இரண்டு தரத்தில் விற்பனைக்கு வரும். யூ.என்.சி. என்றால் புழக்கத்துக்குப் போகாத, அடித்தபடியே இருக்கும் நாணயம். ப்ரூஃப் வேறு. மெருகேற்றிய உலோக வட்டை மெருகேற்றிய அச்சில் வைத்து, ஒரு முறைக்கு மேல் அழுத்தி அடிப்பார்கள். பின்னணி கண்ணாடி போல, உருவம் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாக நிற்கும். சாய்த்துப் பிடித்தால் ஒரு கோணத்தில் பின்னணி கறுப்பாகி முகம் மட்டும் எழுந்து வரும். மும்பையின் ப்ரூஃப் நாணயங்களில் சாய்சதுரத்துக்குப் பதில் எம் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பழையவற்றில் பம்பாயைக் குறிக்கும் பி.

ப்ரூஃப் விலை கூடுதல், அழகும் கூடுதல். ஆனால் அந்தக் கண்ணாடிப் பரப்பில் ஒரு விரல் பட்டால் போதும், ரேகை என்றைக்கும் போகாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு, எல்லோருக்கும் எடுத்துக் காட்டிப் பெருமைப்படும் ஆள் என்றால் யூ.என்.சி. வாங்குங்கள். நான் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறேன். மரப்பெட்டி, தோல்பெட்டி என்று கூடுதல் விலையில் ஆடம்பரப் பொதிகளும் வரும். பெட்டிக்காகப் பணம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

விலைக் கணக்கு

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். 35 கிராம் நாணயம், பாதி வெள்ளி. ஆக 17.5 கிராம். வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 1,750 ரூபாய். அன்றைய வெள்ளி விலையைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். நாணயச் சாலை கேட்கும் விலை இதைவிட மேலேதான் இருக்கும்; அச்சு, அடிகூலி, பெட்டி, வரி எல்லாம் அதில் அடக்கம். வியாபாரி கேட்பது அதற்கும் மேலே.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தெளிவு வந்துவிடும். வெள்ளி மதிப்பு என்பது தரை. பொதுவாக விலை அதற்குக் கீழே போகாது. நாணயச் சாலை விலைக்கும் தரைக்கும் இடையில் இருப்பது உங்கள் ஆசைக்கான கட்டணம். சாலை விலைக்கும் வியாபாரி விலைக்கும் இடையில் இருப்பது உங்கள் பொறுமையின்மைக்கான அபராதம். நான் அந்த அபராதத்தைப் பலமுறை கட்டியிருக்கிறேன். வெளியீட்டு விழா முடிந்த சூட்டோடு ஒரு கண்காட்சியில் இரண்டு மடங்கு கொடுத்து ஒன்றை வாங்கினேன். ஒரு வருடம் கழித்து அதே மேசையில் அதே நாணயம் நான் கொடுத்ததில் பாதிக்குக் கிடந்தது. விழா முடிந்த சூட்டில் விலை ஏறும். முன்பதிவு செய்தவர்களுக்கெல்லாம் பெட்டி போய்ச் சேர்ந்ததும், இரண்டு மூன்று வாங்கியவர்கள் விற்கத் தொடங்குவார்கள். அதுதான் வாங்க வேண்டிய நேரம்.

முதலீடாக நினைத்து வாங்குகிறவர்களுக்கு: வெள்ளி மேல் ஆசை என்றால் வெள்ளிக் கட்டி வாங்குங்கள். செம்பும் நிக்கலும் கலந்த பாதி வெள்ளிக்கு எதற்கு இவ்வளவு?

பெட்டி வந்ததும்

உறையைப் பிரிக்கும் முன்பே செல்போனில் காணொளி எடுக்கத் தொடங்குங்கள். நாணயம் மாறியிருந்தால், கறை இருந்தால், அதுதான் சாட்சி. வட்ட அக்ரிலிக் உறைக்குள் இருக்கும் நாணயத்தை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் மேசையில் ஒரு மெத்தென்ற துணியை விரித்து, பருத்திக் கையுறை போட்டு, விளிம்பை மட்டும் பிடியுங்கள். நாணயத்தின் மேல் குனிந்து பேசாதீர்கள். எச்சில் திவலை விழுந்த இடம் சில மாதம் கழித்துக் கறுப்புப் புள்ளியாக எழும்.

வெளியில் வாங்குவதற்கு நான்கு கருவிகள் போதும்: பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, விட்டம் அளக்க டிஜிட்டல் காலிப்பர், ஒரு நல்ல காந்தம். அரசிதழ்த் தாளைப் பக்கத்தில் வைத்து எடை, விட்டம் பாருங்கள். மிகச் சிறிய வேறுபாடு இயல்பு. ஒரு கிராம் கணக்கில் குறைந்தால் தள்ளிவிடுங்கள். வெள்ளிக் கலவை காந்தத்தில் ஒட்டாது. எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். மழுங்கி, சோப்புக்கட்டியில் அழுத்தியது போலத் தெரிந்தால் அது அடித்ததல்ல, வார்த்தது.

வாங்கக் கூடாதவை

ராமர் பட்டாபிஷேகம் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818-ம் மறுபக்கம் போட்ட "அரையணா" நாணயங்கள் கோயில் வாசல்களில் கிடைக்கும். கம்பெனி அப்படியொரு நாணயம் அடிக்கவே இல்லை; பிற்காலத்துக் கற்பனைச் சரக்கு. பூஜைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த காசு என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். "ரைஸ் புல்லிங்" என்ற மோசடியில் சிக்கி வீட்டை விற்றவர்கள் நம் மாநிலத்தில் நிறையப் பேர்.

வைஷ்ணோ தேவி படம் போட்ட 5, 10 ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாக வரும் விளம்பரம் இன்னொன்று. 2012-ல் வந்த சாதாரணப் புழக்க நாணயம் அது. விற்க ஒப்புக்கொண்டதும் "பதிவுக் கட்டணம்", "வரி" என்று உங்களிடம் கறப்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். தாங்கள் இப்படிப்பட்ட வணிகத்தில் ஈடுபடுவதில்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

பழைய நாணயங்களின் பக்கம் போனால் சட்டமும் தெரிய வேண்டும். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டிலிருக்கும் மாமாவுக்குப் பரிசாக அனுப்ப முடியாது. நிலத்தைத் தோண்டும்போது காசுப் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். இதற்கான புதையல் சட்டம் 1878-லிருந்து இருக்கிறது.

பாதுகாப்பு

நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். செம்புள்ள எதிலும் களிம்பு ஏறும். நாணய ஆல்பம் வாங்கும்போது பி.வி.சி. பிளாஸ்டிக் வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுத்து நாணயத்தைத் தின்னும். மைலார் உறை அல்லது அக்ரிலிக் உறை கேளுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சமையலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். நாப்தலின் உருண்டை போட்ட துணி பீரோவும் வேண்டாம்.

வெள்ளி கறுக்கத்தான் செய்யும். மெல்ல நீலமும் பொன்னுமாக ஏறும் அந்த நிறத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் உண்டு. தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி, எதுவும் வேண்டாம்.

கடைசி வேலை, ஒரு நோட்டு. வாங்கிய தேதி, யாரிடம், என்ன விலை, சாலைக் குறி, எடை, எந்த டப்பாவில் இருக்கிறது என்று ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி. ரசீதுகளைப் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள். நோட்டு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலாயிரம் கொடுத்து வாங்கியது ஒரு நாள் நூறு ரூபாயாகக் கடைக்குப் போய்விடும். என் நோட்டின் முதல் வரியில் காந்தி பத்து ரூபாய் இருக்கிறது. விலை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் "புளி" என்று எழுதியிருக்கிறேன்.